மேற்குப் பக்கம் போனால் ஊமையான மைக்

போன சனிக்கிழமை கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்கும்படி நான் என்ன செய்தேன்? மைக் வாங்கப் போனேன். அவ்வளவுதான்!

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு நண்பர் புதிதாக சவுண்டு சர்வீஸ் ஆரம்பிக்கிறார். "கார்ட்லெஸ் மைக் ஒண்ணு வாங்கோணுங்க, கூட வந்து பாத்துக் குடுங்க" என்று கூப்பிட்டிருந்தார். கடைக்காரர் பளபளவென்று ஒரு செட்டை எடுத்து வைத்து, "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்றார். கணீரென்று கேட்டது. நண்பர் உடனே தலையை ஆட்டிவிட்டார்.

நான் அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் கொடுத்தேன். "நான் எண்ணிக்கிட்டே போறேன். எந்த நம்பர் கேக்கலையோ அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, மைக்கோடு கடையைவிட்டு இறங்கினேன்.

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று... கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினேன். மைக்கை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு எண்ணினேன். பஸ்ஸுக்காக நின்ற இருபது பேருக்கு நடுவே புகுந்து நின்று எண்ணினேன். அறுபத்திரண்டு வந்தபோது ஒரு அம்மா தன் குழந்தையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கமாக நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்து பார்த்தால் சீட்டு நிறைய நம்பர்! அறுபதுக்கு மேல் ஒன்றுமே வந்து சேரவில்லையாம்.

"இது வேண்டாங்க, வேற காட்டுங்க" என்றேன்.

கடைக்காரருக்குக் கோபம். ஆனாலும் கோயமுத்தூர்க்காரர் அல்லவா? கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. "ஏனுங்க, உங்களுக்கு மைக்கு வேணுங்களா, இல்லை வேடிக்கை காட்டோணுங்களா?"

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னே?

பிள்ளைகளே, இந்தக் கிறுக்கு எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. போன வருஷம் வரைக்கும் நானும் 'ஹலோ ஹலோ' ஆசாமிதான். என்னை மாற்றியது ஒரு கும்மி. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சிங்காநல்லூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா... எல்லாவற்றுக்கும் போவேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதனால் நான் எழுதுவதில் விஞ்ஞானம் ஏதாவது இடித்தால் உங்கள் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். டீச்சர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்!

முதலில் கார்ட்லெஸ் மைக் என்றால் என்ன?

உங்கள் வீட்டு ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு நிலையத்திலிருந்து வருகிற அலையை அது பிடித்துப் பாட்டாகத் தருகிறது இல்லையா? கார்ட்லெஸ் மைக் அந்த மாதிரி ஒரு குட்டி ரேடியோ நிலையம். பாடுகிறவர் இடுப்பில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் மேலே போய், சேலைத் தலைப்பிலோ சட்டைக் காலரிலோ ஒரு பொட்டு மைக்கில் முடியும். அந்தப் பெட்டி அனுப்புகிற அலையை, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பெட்டி பிடிக்கும். அதுதான் ரிசீவர். நடுவில் கம்பி கிடையாது. கம்பி இல்லாததால் காலில் சிக்காது. அதே கம்பி இல்லாததால்தான் எப்போது வேண்டுமானாலும் காலை வாரும்!

சரசக்காவுக்கு அப்படி ஒரு மைக் தேவைப்பட்டது.

சரசக்கா யார் என்றால், சூலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய்க் கும்மி கற்றுக்கொடுக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். ஒரு ஊரில் இரண்டு மாதம் தங்கிப் பழக்கினால், அந்த ஊர்த் திருவிழாவான நோம்பி அன்றைக்குக் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். எண்பது பேர், நூறு பேர் வட்டமாக நிற்பார்கள். எல்லோரும் வட்டத்தின் நடுவைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்து கை தட்டிக்கொண்டே சுற்றி வருவார்கள். ஆசிரியர் ஒரு அடி பாடினால், மற்றவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள்.

சில ஆசிரியர்கள் ஓரமாக நின்று பாடுவார்கள். சரசக்காவுக்கு அது ஆகாது. வட்டத்தில் தானும் ஒருத்தியாகச் சுற்றிக்கொண்டே பாடினால்தான் அவருக்குப் பாட்டு வரும். சாதாரண மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பின்னாலேயே ஒரு ஆள் வயரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிய மாதிரி எல்லோரையும் வயர் சுற்றிவிடும். அதனால் அவர் மைக்கே வேண்டாம் என்று தொண்டையை நம்பிப் பாடிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக.

தொண்டை ஒருநாள் கணக்குக் கேட்டது.

குரல் கம்மி, பேசினாலே வலி. கோயமுத்தூரில் ஒரு டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, குரல் வருகிற இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். "மெதுவாப் பாடுங்க, பேசுங்க. அதுவாக் குறையும். ஆனால் இனிமேல் கத்தினீங்கன்னா, குரல் திரும்பி வரும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு ஊரில் பயிற்சி ஆரம்பித்து நான்கே நாள் ஆகியிருந்தது. எண்பது பெண்கள். துணி நெய்கிற தறிக்குடோனில் வேலை செய்கிறவர்கள், தோட்டத்துக்காரர்கள், உங்களை மாதிரிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். விட்டுவிட்டுப் போக மனசில்லை. பாட்டு இல்லையென்றால் சரசக்காவுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

என்னிடம் வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கிற என் கடைக்கு நேராக வந்து, கிசுகிசுப்பான குரலில் கேட்டார். "தம்பி, கத்தாம பாடறதுக்கு ஏதாச்சும் மைக்கு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க்கா! ஒரு வாரம் பொறுங்க" என்றேன் பெருமையாக.

மைக் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் 'ஹலோ ஹலோ' என்றார். நானும் 'ஹலோ ஹலோ' என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி!

பயிற்சி மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் பெஞ்சு போட்டு ஆம்ப்ளிஃபயரையும் ரிசீவரையும் வைத்தேன். சரசக்காவின் இடுப்பில், பின்பக்கமாக, அந்தப் பெட்டியைச் செருகச் சொன்னேன். அவர் வாய்க்குள் பேசுகிற மாதிரிதான் பாடினார். ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது. எண்பது பேரும் பதில் பாடினார்கள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "எப்படீங்க்கா மைக்கு?"

"நெம்ப நல்லா இருக்குதுங்க தம்பி."

அடுத்த வாரமும் கேட்டேன். "நல்லா இருக்குதுங்க தம்பி." அதற்கடுத்த வாரமும் அதே பதில். ஆனால் குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போயிற்று. நான்காவது வாரம் டாக்டரிடம் போய்விட்டு வந்தார். "மைக் வெச்சுமா இப்படி?" என்று டாக்டர் சத்தம் போட்டாராம். முடிச்சு முன்னைவிடப் பெரிதாகிவிட்டதாம்.

எனக்குப் புரியவில்லை. என் மைக்தான் கணீரென்று பாடுகிறதே?

"அக்கா, ஊட்டுல ஆரையாச்சும் திட்டறீங்களா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன்.

"ஆரத் தம்பி திட்டறது? நானும் ஒரு பூனையுந்தான் இருக்கறோம்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பயிற்சி முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மயிலாத்தாள் என்று ஒரு பெண் வந்து நின்றார். கும்மி ஆடுகிறவர்களில் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தறி ஓட்டுகிறவர்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு அம்மணி."

"உங்க மைக்கு மேக்கால பக்கம் போனா ஊமையாப் போயிருதுங்ணா."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன சொல்றே? நான் இங்கயேதானே உக்காந்திருக்கறேன்? பாட்டு ஒரு எடத்துலயும் நிக்கலையே?"

"பாட்டு எப்படீங்ணா நிக்கும்? நாங்க எம்பது பேரு பாடறமல்லோ? நிக்கறது மைக்குங்க. அக்கா மேக்கால வந்தா மைக்குல சத்தம் போயிருது. உடனே அக்கா தொண்டையைத் தூக்கிப் பாடறாங்க. நாங்களும் சேந்து இழுத்துக்கறோம். அந்தப் பக்கம் தாண்டுனதும் மைக்கு வந்துருது."

"உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?"

மயிலாத்தாள் சிரித்துவிட்டார். "எனக்கெங்கீங்ணா கேக்குது! பதினாலு வருசமாத் தறிக்குடோனுல இருக்கறேன். அந்தச் சத்தத்துல காதை வெச்சுட்டு என்ன பண்றது? வாயப் பாத்துத்தானுங்க நாங்க பேசிக்கறது. மேக்கால வாரப்ப அக்கா வாயி இத்தாம்பெருசு தொறக்குது. கழுத்துல நரம்பு பொடைக்குது. இக்கட்டால வந்தா அடங்கீருது. சுத்துக்குச் சுத்து இதே சோலிதானுங்ணா!"

நான் வயரைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் காது நல்ல காது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன்? கொசு பறந்தால்கூட எந்த ஸ்பீக்கரில் பறக்கிறது என்று சொல்வேன் என்று எழுதியவன் நான். ஒரு மாதமாக என் கண் முன்னால், என் மைக்கில் சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் அறுந்திருக்கிறது. எண்பது பெண்களும் அந்த ஓட்டையைத் தங்கள் குரலால் அடைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே இல்லை. கத்தக் கூடாத ஒரு அம்மாவை, நானே சுற்றுக்கு ஒருமுறை கத்த வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரசக்காவிடம் போனேன். "ஏனுங்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

அவர் சங்கடமாகப் பார்த்தார். "ஆசையா வாங்கியாந்தீங்க தம்பி. பொட்டியத் தொடச்சுத் தொடச்சு வெக்கறீங்க. அதப் போயி நொட்டம் சொல்றதுங்களா? சித்த நேரந்தானே அறுகுது, சமாளிச்சுக்கலாம்னு உட்டுட்டேன்."

பிள்ளைகளே, நம் ஊர் மரியாதை எல்லோருக்கும் தெரிந்தது. பஸ்ஸில் நம் காலை மிதித்தவரிடம்கூட "கொஞ்சம் காலை எடுத்துக்கறீங்களாங்க" என்று கேட்கிற ஜனம் நாம். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு சாமானை வாடகைக்குக் கொடுத்தவனிடம், அதில் இருக்கிற குறையைச் சொல்லாமல் விடுவது மரியாதையா? அவனுக்கும் கெடுதல், நமக்கும் கெடுதல். முக்கியமாக, மைக்குக்கு மரியாதை தெரியாது. அது பாட்டுக்கு அறுந்துகொண்டேதான் இருக்கும்.

அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டு வாரம். டாக்டர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள், கத்தாமல் பாடலாம். அன்றைக்கும் கத்தினால் அவர் பொறுப்பில்லை.

ஆக, அந்த ஒரு நாள் மூன்று மணி நேரத்துக்கு மைக் ஒரு நொடிகூட அறுந்துபோகக் கூடாது. அப்படி ஒரு மைக் எங்கே இருக்கிறது?

சூலூரில் சென்னியப்பன் என்று ஒருவர் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். எனக்குப் போட்டிக்காரர். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேரும் செட்டோடு போய் நின்று, மண்டப வாசலில் வாக்குவாதம் பண்ணியிருக்கிறோம். அதற்குப் பிறகு பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம். ஆனால் அவர் மைக் அறுந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. வெட்கத்தை விட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணினேன்.

"ஏனுங்க சிங்காநல்லூர்க்காரரே, பளபளன்னு புது மைக்கு வாங்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேனுங்களே! இப்ப என்ன, அந்தப் பளபளப்பைப் பாத்து மைக்கே கண்ணு கூசி நின்னு போச்சுங்களா?" என்று ஆரம்பித்தார்.

திட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சரசக்காவின் தொண்டையைப் பற்றிச் சொன்னேன். அதற்குமேல் அவர் கிண்டல் பண்ணவில்லை. "நாளைக்குப் பொளுதோட மைதானத்துக்கு வாரேனுங்க" என்று வைத்துவிட்டார்.

வந்தார். டி.வி.எஸ். பிஃப்டி மொபெட்டின் பின்னால் இரண்டு செட்டுகளைக் கட்டிக்கொண்டு! என்னுடையதைச் சேர்த்து மூன்று.

"ஹலோ சொல்லியெல்லாம் மைக்கு பாக்கறது பொண்ணு பாக்கப் போயிப் பல்லை மட்டும் பாத்துட்டு வார மாதிரிங்க" என்றார். "இங்க ஆடறவங்களை ஆட உட்டுப் பாக்கோணும். ஆனா பாடக் கூடாது. பாட்டு ஓட்டையை மூடிப்போடும்."

எண்பது பெண்களிடம், 'வாயை மூடிக்கொண்டு கும்மி அடியுங்கள்' என்று சொன்னால் நடக்குமா?

"அதெப்படீங்ணா? சோத்த வாயில வெச்சுட்டு முழுங்காதங்கற மாதிரி இருக்குது!" என்று ஒரு குரல். எல்லோருக்கும் சிரிப்பு. அடக்கி, ஆரம்பித்தால், பாதிச் சுற்றில் யாரோ ஒருத்தி முனகுவாள். உடனே எண்பது பேரும் பாடிவிடுவார்கள். மூன்று தடவை இப்படியே ஆயிற்று. கடைசியில் சரசக்கா ஒரு வேலை செய்தார். எல்லோர் வாயிலும் ஆளுக்கு ஒரு கடலை மிட்டாயைப் போட்டுவிட்டார்!

பாடுகிறவருக்குப் பதிலாக மயிலாத்தாள் இடுப்பில் மைக்கைக் கட்டினோம். நம்பர் எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். தறிக்காரர் குரல் ஆயிற்றே! மைக்கே இல்லாமல் சூலூர் வரைக்கும் கேட்டது. "மெதுவா எண்ணு மயிலு, குசுகுசுன்னு எண்ணு" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பேசக் கூடாத சரசக்கா, கையில் ஒரு டப்பாவில் சுண்ணாம்புப் பொடியோடு பின்னாலேயே நடந்தார். ஸ்பீக்கரில் எந்த இடத்தில் நம்பர் விட்டுப்போகிறதோ அந்த இடத்தில் தரையில் ஒரு கிள்ளு பொடி.

முதலில் என் பளபள செட். ஒரு சுற்று முடிந்து பார்த்தால், மேற்குப் பக்கம் முழுக்க வெள்ளை. யாரோ கோலம் போட ஆரம்பித்துப் பாதியில் விட்ட மாதிரி! நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டாவது, சென்னியப்பன் கொண்டுவந்த ஒரு செட். அது பரவாயில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இருபத்தேழு... இருபத்தெட்டு... திடீரென்று ஸ்பீக்கரில் கனமான ஆண் குரல். "மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரைக எல்லாரும் பந்திக்கு வாங்க!"

மயிலாத்தாள் அப்படியே நின்று தன் இடுப்பைப் பார்த்தார். வாயில் கடலை மிட்டாயோடு எண்பது பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தெருக்கோடியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அங்கேயும் இதே சேனலில், அதாவது இதே அலைவரிசையில், ஒரு மைக். இரண்டு மைக்கும் ஒரே சேனலில் இருந்தால், எது பலமோ அது ஜெயித்துவிடும். வாடகைக்குப் போகிறவன் போகிற இடத்தில் பக்கத்தில் என்ன விசேஷம் என்று விசாரிக்காமல் போகக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது செட்டைப் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஓரம் நசுங்கியிருந்தது. பெயின்ட் போயிருந்தது. ஆனால் ரிசீவரில் ஒன்றுக்கு இரண்டு ஏரியல்! ஒன்றுக்கு அலை வராவிட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். மயிலாத்தாள் எண்ணிக்கொண்டே போனார். மேற்குப் பக்கம் போனார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... அறுந்துபோகவில்லை! ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாற்பத்தேழு விட்டுப்போயிற்று. ஒரு கிள்ளு சுண்ணாம்பு.

"அந்த ஒண்ணும் வரக் கூடாதே" என்றேன்.

சென்னியப்பன் என் பெஞ்சைப் பார்த்தார். "நீங்க ரிசீவரை முழங்கால் ஒசரத்துல வெச்சிருக்கறீங்க. நடுவுல எம்பது ஆளு. ஆளுன்னா என்னங்க? பாதிக்கு மேல தண்ணி. ரேடியோ அலைக்குத் தண்ணின்னா ஆகாது. அதும் போக, பொட்டிய முதுகுப் பக்கம் செருகியிருக்கறீங்க. மேக்கால நின்னு இக்கட்டாலப் பாத்தா அக்கா ஒடம்பே மறைக்குது. பொறவு எப்படீங்க வரும்?"

பெயின்ட் அடிக்கிற ஏணி ஒன்றைக் கொண்டுவந்து வட்டத்துக்கு அருகில் நிறுத்தி, அதன் உச்சியில் ரிசீவரைக் கட்டினோம். இடுப்புப் பெட்டியைப் பக்கவாட்டில் மாற்றினோம். மயிலாத்தாள் மறுபடி சுற்றினார். ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் ஒன்றுகூட விடவில்லை.

ஆனால் ஒரு பெரிய பிரச்சினை மிச்சம் இருந்தது. நோம்பி அன்றைக்கு முகூர்த்த நாள். சென்னியப்பனின் அந்த நசுங்கின செட் ஏற்கனவே ஒரு கல்யாணத்துக்குப் பேசி வைத்தது. கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

அவரே சொன்னார். "அன்னிக்கு நீங்க இதை எடுத்துக்குங்க. உங்க பளபளப்பை எனக்குக் குடுங்க."

"அது அறுமேங்க?"

"கல்யாணத்துல மேடையில நின்னு நாலு பேரு வாழ்த்துவாங்க. ஆரும் ஓட மாட்டாங்க, சுத்த மாட்டாங்க. ரிசீவரை எதுக்கால தூக்கி வெச்சுக்கிட்டா அதுவும் நல்ல மைக்குதானுங்க. நிக்கற எடத்துக்கு அது போதும். சுத்தற எடத்துக்கு இது வேணும்." பிறகு சரசக்காவைப் பார்த்துவிட்டு, "எனக்கு அறுந்தா நாலு பேரு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

போட்டிக்காரர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே அந்த மனிதரை!

நோம்பி நாள். சாயங்காலம் நான்கு மணி. எண்பது பெண்களும் ஒரே நிறச் சேலை. மைதானம் நிறைய ஜனம், மரத்தின் மேல்கூட ஆட்கள். ஏணி உச்சியில் ரிசீவர். பெட்டிக்குள் புது பேட்டரி. பாதியில் மாற்றுவதற்கு என் சட்டைப் பையில் இன்னொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று வயர் மைக் ஒன்றையும் நூறு அடி வயரோடு தயாராக வைத்திருந்தேன். கார்ட்லெஸ்ஸை எவ்வளவு நம்பினாலும் வயரை விட்டுவிட்டுப் போகக் கூடாது, பிள்ளைகளே.

சரசக்கா முதல் அடியைப் பாடினார். பதினைந்து நாளாகப் பேசாத குரல். மெல்லிசு. ஆனால் தெளிவு.

வட்டம் நகர்ந்தது. அவர் வடக்கே போனார். மேற்கே திரும்பினார். என் கண் அவர் கழுத்திலேயே இருந்தது. நரம்பு புடைக்கிறதா? இல்லை. வாய் அகலமாகத் திறக்கிறதா? இல்லை. வட்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து மயிலாத்தாளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார்.

இரண்டாவது சுற்று. ஐந்தாவது சுற்று. நடுவில் இளைப்பாற நிறுத்தியபோது பேட்டரியை மாற்றினேன். பத்துச் சுற்றுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஏழு மணிக்குக் கடைசிப் பாட்டு முடிந்தது. கை தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

சரசக்கா கோயில் படியில் போய் உட்கார்ந்தார். மயிலாத்தாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்பில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. கலைந்துகொண்டிருந்த ஜனம் திரும்பிப் பார்த்தது.

"மயிலு..." என்றது சரசக்காவின் குரல், மைதானம் முழுக்க. "வலிக்கவே இல்ல புள்ள. முழுங்கிப் பாத்தேன், வலிக்கல. இன்னைக்கோட என்ற பாட்டு முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேத்தான் சேலை கட்டிட்டு வந்தேன். ஆருகிட்டயும் சொல்லல. பாட்டு முடியல புள்ள, முடியல. அடுத்த ஊருக்கும் போலாம்."

கடலை விற்கிறவர்கூட அப்படியே நின்றுவிட்டார்.

இந்த மாதிரிச் சமயத்தில் சட்டென்று வால்யூமைக் குறைப்பதுதான் சவுண்டு சர்வீஸ்காரன் வேலை. என் கை அந்தக் குமிழ் மேல்தான் இருந்தது.

தொழிலுக்குத் துரோகம்தான், மன்னித்துவிடுங்கள் பிள்ளைகளே – நான் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தேன்.